சுவர் தின்ற எட்டு யூனிட்

இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும்
மாசம் எண்ணூறு வை என்றார் ஒசன்கனி காக்கா.
யூனிட்டுக்குப் பத்து, எண்பது யூனிட்.
விரல் மடக்காமலே சொன்னார்.
"ஒம் பெட்டி குடிக்கிற குடியில
எங்க ஃபேனு தள்ளாடுதும்மா."

பேட்டை ஐ.டி.ஐ.யில் வயர்மேன் முடித்தவள் நான்.
மேலப்பாளையத்தில் யாரும்
அதைக் கேட்டதில்லை.
அடுத்த வீட்டுச் சுடிதார்களைத் தேய்க்கிறேன்.
ஆனாலும் கிளாம்ப் மீட்டரை விற்கவில்லை.

பெட்டியின் தகட்டில் இருக்கிறது:
இருநூற்று முப்பது வோல்ட், ஆயிரம் வாட்.
அது கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பட்டம்.
எங்கள் சந்தில் அதற்கு என்ன மரியாதை?

மஃரிப் பாங்குக்குப் பிறகு அளந்தேன்.
பிளக்கில் எதுவும் மாட்டாதபோது
இருநூற்றுப் பதினாலு.
பெட்டியை மாட்டியதும்
நூற்று எழுபத்திரண்டு.
எக்ஸ்டென்ஷன் வயரின் உறையைப் பிளந்து
ஒற்றைக் கம்பியை மீட்டருக்குக் கவ்வக் கொடுத்தேன்:
மூன்றேகால் ஆம்பியர்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை.
ஐம்பத்து மூன்று ஓம், ஒரு பிசிறு குறைய.
பெட்டி யோக்கியமான பெட்டிதான்.
இரண்டையும் பெருக்கினால்
ஐந்நூற்று ஐம்பத்தொன்பது வாட்.
ஆயிரம் எங்கே, இது எங்கே!
சிவப்பு விளக்கு எரிகிற நேரத்தை மட்டும்
ஒரு வாரம் குறித்து வைத்தேன்:
நாளுக்கு இரண்டு மணி.
மாசம் முப்பத்து மூன்றரை யூனிட்.

தாளை நீட்டினேன்.
போன் கால்குலேட்டரில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.
"சரி, பதினாலு எப்படி எழுபத்திரண்டாச்சு?
நாப்பத்திரெண்டு வோல்ட்ட எந்தக் காக்கா தூக்கிட்டுப் போச்சு?"

நல்ல கேள்வி. நான் விட்ட கேள்வி.

பெட்டி எரியும்போதே அவர் மெயினில் வைத்தேன்:
அங்கே பதினாலு, அசையவில்லை.
ஆக, அவர் மெயினுக்கும் என் பிளக்குக்கும் நடுவில்,
வெள்ளையடித்த சுவருக்குள்,
நாற்பத்திரண்டு வோல்ட் செலவாகிறது.
அதே மூன்றேகால் ஆம்பியரால் வகுத்தேன்: பதின்மூன்று ஓம்.
பெருக்கினேன்: நூற்று முப்பத்தாறு வாட், மேலும் அரை.

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்துகொண்டே போனேன்.
மூன்றாவது ஜங்ஷன் பாக்ஸ்
அவர் கட்டிலின் தலைமாட்டில்.
மூடி பழுப்பேறியிருந்தது.
செம்பையும் அலுமினியத்தையும் முறுக்கி
டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான் எவனோ.
டேப் கருகிப் பொரிப்பொரியாக உதிர்ந்தது.
"நூறு வாட் பல்பைவிடப் பெருசு காக்கா,
வெளிச்சம் மட்டும் இல்ல" என்றேன்.
அவர் சுவரில் கை வைத்தார்.
எடுத்துவிட்டார்.
தலையணையைத் தொட்டுப் பார்த்தார்.

புதுக் கனெக்டர், எழுபது ரூபாய், என் காசு.

கணக்கைத் திருத்தி எழுதினேன்:
பெட்டி தின்றது முப்பத்து மூன்றரை.
சுவர் தின்றது எட்டு, சொச்சம்.
மொத்தம் நானூற்றுப் பதினேழு ரூபாய்.
சுவர் யாருடையது என்று நான் கேட்கவில்லை.
"நானூத்தி இருவதா வச்சுக்கிடுவோம்" என்றார்.

மறுநாள் பெட்டியை மாட்டினேன்: இருநூற்றுப் பதினொன்று.
நாலு ஆம்பியர், எண்ணூற்று நாற்பது வாட்.
மூன்று வருஷமாகத் திருகி வைத்த குமிழ்
கடைசிக் கோட்டிலேயே கிடந்தது.
அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

மீராள் மகனின் வெள்ளைச் சட்டையில்
முதுகுப் பக்கம்
பெட்டியின் மூக்கு
பழுப்பாகப் பதிந்திருக்கிறது.
சாயங்காலம் வாங்க வருவாள்.