அட்டைக்குள் இருந்த ஏடு

வரிப் பதிவேட்டின் அட்டையைப் பிரித்தபோது
பசைக்கும் பலகைக்கும் நடுவே
ஆட்டுத்தோல் ஏடு ஒன்று வந்தது.
ரைன் கரை. எந்த ஊரென்று தெரியாது.
ஓரத்தில் பெயர் மட்டும்: யெகுத்தியேல்.

வலமிருந்து இடமாக, நெருக்கிய எழுத்து.
அண்டைவீட்டுக் கோழி
என் முற்றத்தில் முட்டையிட்டால்
முட்டை யாருக்கு?
மண் என்னுடையது, தீவனம் அவளுடையது.
வேலியில் ஓட்டை இருந்தால்?
ஓட்டையைக் கோழியே போட்டிருந்தால்?
பதினோரு வரி இப்படி ஓடி,
'இங்கே மை உறைந்துவிட்டது.'
மறுநாளோ மறுமாதமோ, வேறு மையில்:
'எனக்குத் தெரியவில்லை.'

அவ்வளவுதான் அந்த ராபி.
சிலுவைப் படை வந்ததா, காய்ச்சல் வந்ததா,
பல் விழுந்து கிழவராகிச் செத்தாரா,
ஏடு சொல்லவில்லை.
யாரோ எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.
கட்டுநரின் கத்தி மூலையில்
ஆண்டவன் பெயரைப் பாதியாக அறுத்திருக்கிறது.

பின்பக்கம் வேறு கை. பெரிய, அவசர எழுத்து.
பெல்லெத். மனைவியாக இருக்கலாம்.
தோலை வீணாக்காமல் கடன் கணக்கு:
பார்லி இரண்டு மூட்டை.
கம்பளி மேலங்கி, அடகு.
தச்சன் எங்கல்ஹார்ட், மூன்று வெள்ளி, வரவேண்டியது.
அதற்கும் கீழே, இடுக்கில்:
'ஹில்டெகுண்டின் முட்டை நான்கு. கொடுத்தாயிற்று.
வேலிக்கு ஆணி, ஒரு காசு.'

மறுபடி முன்பக்கம் திருப்புகிறேன்.
அவர் இதைப் படித்தாரா?
'தெரியவில்லை' என்பதை அடிக்கவில்லை.
அதன்கீழ் மட்டும்
ஒரு விரல் அகலம் வெற்றிடம்.
அதில் மஞ்சளாய் ஒரு கறை.

ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள்.
நான் இன்னும் அனுப்பவில்லை.