நான்காம் நாள் படகு

திருச்சபை ஒரு படகு என்பார் போதகர் எவால்ட்,
வருடத்துக்கு நான்கு தடவையாவது.
பிரசங்க பீடத்தில் ஏறியதும்
கடல் அவருக்கு அழகாகிவிடும்.
என்னிடம் நிஜமாகவே ஒரு படகு இருக்கிறது.
அது ஒழுகும்.

ஃபேரோவின் அந்தத் தீவிலிருந்து இந்தத் தீவுக்கு
பதினாறு வருடமாக அவரை
நான்தான் துடுப்புப் போட்டுக் கூட்டி வருகிறேன்.
கூலி ஒரு குரோனா.
அலை தூக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.
ஜெபம் என்று முதலில் நினைத்தேன்.
குமட்டல்.

என் மனைவி சுன்னிவா
அக்டோபர் கடலில், ஊர் பார்க்க,
கம்பளிப் பாவாடையோடு முங்கி எழுந்தாள்.
புதுக் கூடுகைக்காரர்கள் கரையில் நின்று பாடினார்கள்.
கைக்குழந்தையில் நெற்றியில் தெளித்த நீர்
கணக்கில் வராதாம்.
"இயேசு போதும். நடுவில் எதற்கு
மடிப்பு மடிப்பாய் ஒரு கழுத்துப்பட்டை?" என்றாள்,
உதடு நீலம் பாரித்து.
போர்வையை நீட்டினேன்.
அதற்கு எதிராக வசனம் எதுவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வாசலில் பிரிகிறோம்.
அவள் மேட்டுப்பக்கம், தகரக் கூடத்துக்கு.
நான் கடல்பக்கம், தார் பூசிய கோவிலுக்கு.
மத்தியானம் ஒரே பானை உருளைக்கிழங்கு.
அப்போதும் விடுவதில்லை.
"உன் அப்பாவைப் புதைத்தது யார்?" என்பேன்.
"எழுப்பப்போவது யார்?" என்பாள்.
உப்புக் கிண்ணம் மட்டும்
சண்டையில்லாமல் கைமாறும்.

பிப்ரவரியில் ஹானுஸ் படுத்தான்.
எதிர்வீட்டுக்காரன். கடற்பறவை பிடிக்க
செங்குத்துப் பாறையில் கயிற்றில் இறங்குபவன்.
எங்கள் வழக்கில் ஒருநாளும் வாய் திறக்காதவன்.
நெஞ்சு முழுக்க நீர்.
இராப்போஜனம் வேண்டும் என்றான்.
மூன்று நாள் காற்று.
படகுத்துறை இருந்த இடத்தில் நுரை.

சுன்னிவா கட்டிலருகே குனிந்தாள்:
"விசுவாசிக்கிறாயா ஹானுஸ்? அது போதும்."

அவன் வெகுநேரம் உத்திரத்தைப் பார்த்தான்.
"தேடிப் பார்த்தேன் சுன்னிவா.
பகலில் இருக்கிறது. ராத்திரியில் காணவில்லை.
எனக்குள் இருப்பதை நானே பிடித்துத் தொங்கப்
பயமாயிருக்கிறது.
பாறையில் இறங்கிய நாளெல்லாம்
கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்ததில்லை.
மேலே யாராவது பிடித்திருப்பார்கள்.
வாயில் வைக்க ஏதாவது கொடுங்கள்."

எதற்கும் வசனம் வைத்திருப்பவள்
எழுந்து அடுப்படிக்குப் போனாள்.
கறுப்பு ரொட்டி இருந்தது.
திராட்சை ரசத்துக்கு எங்கே போவது?
ருபார்ப் தண்டின் சிவப்புச் சாறு, பித்தளைக் கோப்பையில்.
போதகர் வராத ஞாயிறுகளில் வாசிக்கிற
தடித்த புத்தகத்தைக் கோவிலிலிருந்து தூக்கி வந்தேன்.
டேனிஷ். எங்கள் கடவுளுக்கு அதுதான் பழக்கம்.
பெண் வாய் திறக்கலாகாது, அவள் கூடத்தின் விதி.
குரு அல்லாதவன் அந்த வரிகளைத் தொடலாகாது,
என் கோவிலின் விதி.
நான் வாசித்தேன்.
அவள் ஆசீர்வதித்துப் பிட்டாள்.

ஹானுஸ் மென்றான், அவசரமில்லாமல்.
பிறகு கேட்டான்: "இது செல்லுமா?"

நான் அவளைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
வெளியே காற்று
கூரைப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.
பதிலுக்கு நிற்காமல் தூங்கிப்போனான்.
விடியுமுன் போய்விட்டான்.

நான்காம் நாள் கடல் இறங்கியது.
வரும் வழியில், நடு நீரில், துடுப்பை நிறுத்திப்
போதகரிடம் சொன்னேன்.
எல்லாம் சொன்னேன், ருபார்ப் உட்பட.
அலை தூக்கியது. அவர் கண்ணை மூடவில்லை.
திட்டுவார் என்று காத்திருந்தேன்,
அல்லது மன்னிப்பார் என்று.
இரண்டுமே எனக்குப் பிடித்திருக்காது.

அவர் குனிந்து
காலடியில் மிதந்த மரக் கரண்டியை எடுத்தார்.
பதினாறு வருடத்தில் முதல் தடவையாக
நீரை இறைக்க ஆரம்பித்தார்.
பழக்கமில்லாத கை.
பாதி என் மடியில் விழுந்தது.