இருபது கொண்டை ஊசி

அரையாண்டு லீவில் ஏற்காடு என்று
ஆயுத பூஜை அன்றே சொல்லிவிட்டேன்.
வாய் சும்மா இருக்காது எனக்கு.
லீவும் விட்டாயிற்று.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
வடக்கேயிருந்து ஆர்டர்,
ஞாயிறும் வேலை.

மொட்டை மாடியில் ஏறி தன்ஷிகா
தினம் ஒருமுறை மலையைப் பார்த்துவிட்டு வருகிறாள்.
"அது அங்கயேதான் இருக்கு.
நாமதான் போகல."

புதன் ராத்திரி
மிக்சி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தோம்.
ஜவ்வரிசியைக் குழையக் காய்ச்சினால் பசை.
ஆறுவதற்குள் இரண்டு வாய் தின்றுவிட்டு
"உப்பு போடலியாம்மா?" என்றாள்.
பேப்பரை நனைத்து, கசக்கி, அப்பி
முதலில் வந்தது
படுத்திருக்கும் எருமை.
கொம்பு வைக்கலாமா என்று கேட்டேன்.
முறைத்தாள்.
பச்சை பாதியில் தீர்ந்தது,
மேலே மஞ்சள் பூசினாள்.
"அங்க வெயில்."

பிறகுதான் அந்தக் கேள்வி.
"எத்தனை கொண்டை ஊசி வளைவும்மா?"
"இருபது" என்றேன். வாய்.
எழுந்துபோய்
என் சீப்பு டப்பாவைக் கவிழ்த்தாள்.

ஏழு இருந்தது.
நெளிந்ததைச் சேர்த்தால் எட்டு.
கீழ்வீட்டு ருக்சானா முக்காட்டுக்குள் கைவிட்டு
சிரித்துக்கொண்டே நாலு எடுத்துத் தந்தாள்.
எதிர்வீட்டு நர்சிங் பெண் மூன்று,
துணி தேய்க்கும் செல்லாயி நாலு.
கடையில் ஓர் அட்டையே பத்து ரூபாய்தான்.
கூடாதாம்,
புது ஊசியில் பஸ் வழுக்குமாம்.
பத்தொன்பதில் நின்றது.
சத்தமில்லாமல் பின்னால் வந்து
என் கொண்டையிலிருந்து ஒன்றை உருவினாள்.
முதுகெல்லாம் முடி.

தீப்பெட்டி பஸ் கிளம்பியது.
பதின்மூன்றாம் வளைவில்
"சூடாயிருச்சு, எல்லாரும் இறங்குங்க."
எல்லாரும் என்றால் நான்தான்.
இறங்கி நின்றேன். டீ கொடுத்தாள்,
காலி டம்ளரில்.
உச்சியில் பனி வேண்டுமென்று
ஒரு பாக்கெட் ஜிகினாவைக் கொட்டினாள்.
ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் முழுக்கக் கொலுசுக்கு மணி கோத்தேன்.
ஆறு மணிக்கு வாசலில்
கையை உதறு, முந்தானையை உதறு.
இங்கே தரைத்தூசிக்கும் விலை உண்டு,
கூட்டிய குப்பையை உருக்கி எடுப்பார்கள்.
ஊசியில்லாத கொண்டை
அப்போது பார்த்தா அவிழ வேண்டும்?
தட்டில் மினுமினுவென்று விழுந்தது.
மேஸ்திரி பரஞ்சோதி விரலில் ஒற்றி
லைட்டுக்கு நேரே பிடித்தார்.
எனக்குப் பின்னால் வரிசை பேச்சை நிறுத்தியது.
பத்து வருஷத்தில்
குன்றிமணி எடை குறைந்ததில்லை என் கணக்கில்.
"ஏற்காட்டுப் பனிங்க" என்றேன்.
வேறெதுவும் வாயில் வரவில்லை.
நகத்தால் கீறிப் பார்த்தார்.
"ஜிகினா."
தட்டைத் துடைத்தார், சிரிக்கவில்லை.
தெருமுனைவரை போனவளைக் கூப்பிட்டு
"எத்தனை வயசு?" என்றார்.
"அஞ்சு."
"ம்."

வெள்ளி காலை முகம் கழுவி வந்தால்
சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.
கண்ணாடி
மலைமேல் ஏரியாகிக் கிடக்கிறது.
நடுவில் பிஸ்தா ஓட்டுப் படகு,
உள்ளே ஒரு மிளகு, துடுப்புப் போடுகிறவர்.
அவள் இன்னும் எழவில்லை.
படகை மெல்லக் கரைக்கு ஒதுக்கிவிட்டு
ஏரியில் குனிந்து
பொட்டு வைத்துக்கொண்டேன்.
கொஞ்சம் கோணல்.