பன்னிரண்டு டன் பழம்

"ஒரு நாளைக்கு எவ்வளவு பழம்?"
பீடோர் கிளினிக்கில் மிஸ்ஸி கேட்டாள்.
"பன்னிரண்டு டன்" என்றார் என் வீட்டுக்காரர்.
பொய்யில்லை.
தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை
ஏற்றிப் போகிறார்.
அந்த வண்டிக்குப் பெயரே பழ லாரி.
மிஸ்ஸி சிரிக்காமல் பாரத்தில் எழுதினாள்:
பழம், இல்லை.
பிறகு என் பக்கம் திரும்பினாள்.
"கீரை?"

நான் என்ன சொல்ல.
பதினேழு வருஷமாக முதுகில் பம்பு.
பனை வரிசைகளுக்கு நடுவே
பச்சையாக எது தலைதூக்கினாலும்
மருந்தடிப்பது என் வேலை.
மணத்தக்காளி தெரியும், குப்பைக்கீரை தெரியும்,
காலையில் நனைத்த பொன்னாங்கண்ணி
மூன்றாம் நாள் என்ன நிறத்தில் சுருளும் என்று தெரியும்.
வீட்டில், தட்டில், அதே பச்சையைப் பார்த்தால்
என் கை
பம்பின் பிடியைத் தேடுகிறது.
இதையா சொல்வது?
"எப்பவாவது" என்றேன்.

சுவரில் ஒரு தட்டின் படம்.
சூக்கு சூக்கு செப்பாரோ.
கால் பங்கு சோறு, கால் பங்கு மீன்,
மிச்சப் பாதி முழுக்கக் காயும் பழமும்.
எங்கள் வீட்டுத் தட்டு வேறு கணக்கு:
சோறு ஒரு மலை,
அடிவாரத்தில் கருவாடு.
பச்சை வேண்டுமானால்
மங்குத் தட்டின் விளிம்பில் இலை வரைந்திருக்கிறது.

இவருக்கு இனிப்பு நீர் பதினொன்று.
எனக்கு ரத்தக் கொதிப்பு.
"இதெல்லாம் சாப்பிட்டா நோயே வராதா?"
வம்புக்குத்தான் கேட்டார்.
மிஸ்ஸி நோரைனி பேனாவை மூடினாள்.
"லாரிக்கு பிரேக் பார்த்து வைக்கிறீங்களே அபாங்,
விபத்தே வராதுன்னா வைக்கிறீங்க?"
எதற்கும் பதில் வைத்திருக்கும் மனுஷன்
அதற்கு வாய் திறக்கவில்லை.
காத்தமுத்து வீட்டு வாசலை நினைத்திருப்பார்.
போன தீபாவளியிலிருந்து அங்கே
ஒரு செருப்புத்தான் கிடக்கிறது.

சனிக்கிழமை பாசார் மாலாமில்
ஓர் ஆப்பிளைக் கையில் எடுத்தேன், விலை கேட்டேன்,
வைத்துவிட்டேன்.
அந்தக் காசுக்கு மூன்று பாக்கெட் மீ வரும்,
மூன்று ராத்திரி அடுப்பு அணையும் சீக்கிரம்.
மிஸ்ஸியின் தட்டில்
சம்பளம் எந்தக் கால் பங்கில் இருக்கிறதோ.

கொங்சி வீட்டுக்குப் பின்னால்
குலை வெட்டும் ரஃபிக் பாத்தி போட்டிருக்கிறான்.
பயற்றங்காய், கங்கோங்,
கயிற்றில் தொங்கும் சுரைக்காய்.
இரண்டு ரிங்கிட்டுக்கு மடி நிறையக் கொடுத்தான்.
தாழ்ந்த குரலில், எனக்கு உறுதி சொல்வதுபோல்:
"அக்கா, ராச்சுன் தாடா."
விஷம் அடிக்கவில்லையாம்.
யாரிடம் சொல்கிறான் பார்!
சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.
அவனும் சிரித்தான்,
எதற்கென்று தெரியாமலே.

அன்று கங்கோங்கை மூன்று தண்ணீர் அலசினேன்,
பழக்க தோஷம்.
பூண்டு தட்டிப் போட்டு வதக்கினேன்.
இவர் சோற்றுக்கு அடியில் ஒளித்து ஒளித்து
கடைசியில் வேறு வழியில்லாமல் தின்றார்.
நானும்தான். முதல் வாயில்
பம்பு நாற்றம் வந்தது, உண்மையில் இல்லாத நாற்றம்.
நாலாம் வாயில் பூண்டு மட்டும்.

சாலையோரக் கடையில் அவர் ஒரு கொய்யா வாங்கி
லாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.
மூன்று நாள் அது ஆலைக்கும் தோட்டத்துக்கும்
போய்ப் போய் வந்தது,
கூலியில்லாத கிளீனர்போல.
நாலாம் நாள் சாயங்காலம்
பல் பட்ட இடம் பழுப்பேறிய பாதியை
என்னிடம் நீட்டினார்.
"செப்பாரோ" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

பூட்ஸைக் கழற்றி, கையுறையைக் கழற்றி,
முழங்கை வரை சோப்புப் போட்டேன்.
கடித்தேன்.
ஒரு விதை கடைவாயில் மாட்டிக்கொண்டது.
விளக்கணைத்துப் படுத்த பிறகும்
நாக்கு
அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.