இடக்கை

முதல் நாள் வட்டமாய் உட்காரவைத்து
ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள்.
சின்ன வயசிலிருந்தே பிராணிகள் என்றால் உயிர்
என்றது பதினெட்டு வயசு ஒன்று.
எங்கள் வீட்டில் ஆறு பூனை என்றது இன்னொன்று.
நான்
பெயர் டெல்பினா, வயது நாற்பத்தொன்று
என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.
நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், இறைச்சி ஆலையில்,
நிமிஷத்துக்கு ஆறு மாடு தொங்கிக் கடக்கும் சங்கிலியடியில்
பதினோரு வருஷம் தோள்பட்டை அறுத்தவள் என்று
அந்த வட்டத்தில் எப்படிச் சொல்வது.

உடற்கூறியல் தேர்வில் நான்தான் முதல்.
அம்புக்குறி காட்டிய தசை ஒவ்வொன்றும்
எனக்கு அட்டைப்பெட்டி எண்ணாகத் தெரியும்.
லத்தீன் பெயர்தான் புதிது.
"இதற்குமுன் எங்கே படித்தீர்கள்?" என்றார் திருமதி வோபாட்.
குளிரில், என்றேன்.
நெப்ராஸ்கா ஜனவரியைச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

கணக்குதான் கொன்றது.
பவுண்டைக் கிலோவாக்கு, கிலோவை மில்லிகிராமால் பெருக்கு.
புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால்
நாய் எழுந்திருக்காது.
இரவில், காசு போட்டுத் துவைக்கும் கடையில்,
மகன் நெஸ்டோர் துணிமூட்டைமேல் தூங்க,
அதிரும் உலர்த்தியின் தலையில் நோட்டை வைத்துப்
புள்ளிகளைத் துரத்தினேன்.

அதையும் பிடித்துவிட்டேன்.
சிக்கல் விரலில் இருந்தது.
வலக்கை, கத்தி பிடித்த கை.
கட்டைவிரலும் பக்கத்து இரண்டும்
எந்த வருஷம் மரத்தன என்று எனக்கே ஞாபகமில்லை.
கல்லூரி வளர்க்கும் பீகிளின் முன்னங்காலில்
சிரையைத் தடவிப் பார் என்றால்
ரோமம் தெரிந்தது, அதுவும் கண்ணுக்கு.
மூன்று முறை குத்தினேன்.
வாஃபிள் என்று பெயர் அதற்கு.
கடித்திருக்கலாம்.
நக்கியது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வண்டியில் உட்கார்ந்து, கிளப்பாமல்,
விலகல் படிவத்தைப் பாதி நிரப்பினேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

ஏப்ரலில் பசுக்கள்.
இரும்புச் சட்டத்தில் கழுத்து மாட்டி நின்றது கறுப்பி ஒன்று,
காதில் மஞ்சள் வில்லை, 417.
வாலைத் தூக்கு. அடிப்புறம் நடுக்கோடு.
எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் துடிக்கும், அங்கே ஊசி.
தூக்கிப் பிடிக்க வலக்கை; பலத்துக்கு உணர்ச்சி வேண்டாம்.
தேட மிஞ்சியது பீச்சாங்கை.

பதினோரு வருஷமும் எஃகு வலையுறைக்குள் கிடந்த கை.
கொக்கியைப் பிடித்ததைத் தவிர
வேலையென்று ஒன்றும் அறியாத கை.

துடித்தது.

எத்தனை மாடு என்று நான் எண்ணியதில்லை.
எண்ணினால் லட்சத்தில் வரும்.
ஒன்றும் என் கையில் துடித்ததில்லை.
என்னிடம் வந்துசேரும்போது
எல்லாம் முடிந்திருக்கும்,
சூடு மட்டும் கொஞ்சம் பாக்கி.
இது அவசரமே இல்லாமல்
ஒன்று. அப்புறம் ஒன்று.

"கிடைத்ததா?" என்றார் வோபாட்.
நான் வாய் திறப்பதற்குள் 417 பதில் சொன்னது,
முழங்கைவரை, வெதுவெதுவென்று, பச்சையாக.
பதினெட்டு வயசு அலறிக்கொண்டு ஓடியது.
நான் வாலை விடவில்லை.
ஊசியை இந்தக் கையிலேயே கொடு என்றேன்.
குழாயில் ஏறியது,
வேலை முடிந்ததும் பீய்ச்சி அடித்துக் கழுவுவோமே, அதே சிவப்பு.
ஐந்து மில்லி.

சட்டம் திறந்ததும்
திரும்பியும் பாராமல் தீவனத்துக்குப் போனது.
என்றைக்காவது நெடுஞ்சாலையைத் தாண்டும். தெரியும்.
அறுப்பவளின் பெயரும் அநேகமாக எனக்குத் தெரிந்திருக்கும்.

படிவத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது.
அன்றிரவு உலர்த்தியின் மேல் அதில் கணக்குப் போட்டேன்.
417, ஆயிரத்து இருநூறு பவுண்டு.
இரண்டு புள்ளி இரண்டால் வகுத்தால்
ஐந்நூற்று நாற்பத்தைந்து கிலோ,
புள்ளி, நான்கு, ஐந்து,
நான்கு, ஐந்து,
நான்கு,