விரற்கணு ஆழம்

மாசிக் கடைசியில் ஒரு மழை பெய்தாக வேண்டும்.
பெய்யாவிட்டால் நாகலூரில்
யாரும் யாரிடமும் நேராகப் பேசுவதில்லை.
இந்த வருடம் பங்குனி நாலாம் தேதி பெய்தது,
கரண்ட் போன பிறகு, அரைமணி நேரம்.
ஒன்பதாம் நாள் ஜன்னலைத் திறந்தால்
சரிவெல்லாம் காப்பிப்பூ.
வெள்ளை என்று சொல்லலாம், மணம் என்றும் சொல்லலாம்.
எனக்குத் தலைவலி என்று அதற்குப் பெயர், வருடாவருடம்.

ரேஷன் கடையில் அன்று இருபத்தாறு பேர்.
எட்டுப் பேரின் விரலைக் கருவி ஏற்கவில்லை.
கவாத்துக் கத்தியும் மிளகுக்கொடியும்
தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய விரல்கள்.
"தொடச்சிட்டு வைங்க."
சடைச்சி முந்தானையில் துடைத்து வைத்தாள்.
கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்,
பிறகு இடது கை முழுக்க.
"போன மாசம் நான் நானாத்தானே இருந்தேன்?"
வரிசை சிரித்தது. கருவி சிவப்பு காட்டியது.
நோட்டில் கையெழுத்து வாங்கி அரிசி அளந்தேன்.
போகும்போது சுருக்குப்பை அவிழ்த்து
தராசின் மேலேயே வைத்தாள்
பழுப்பு வரியோடிய பீன்ஸ் விதை.
நாற்பது கிராம்.
எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் சகாயம் வந்தான்.
கீழே சிவதாபுரத்தில் கொலுசுக்குத் திருகாணி ஊதுகிற வேலை.
வாரம் முழுக்க மெஸ்ஸில் சேர்த்த முட்டை ஓடு
ஒரு பை நிறைய, நத்தைக்காக.
பத்தாவது வளைவில் பக்கத்து சீட்டுப் பையன்
அந்தப் பையைத்தான் அவசரத்துக்குக் கேட்டானாம்.
கொடுக்கவில்லையாம்.
இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்,
பதினெட்டாவது வளைவில் இறக்கிவிட்ட
சட்டைக் கையோடு.

ஞாயிறு, பூசை முடிந்து வந்து விதைத்தோம்.
ஒரு விரற்கணு ஆழம், ஒரு சாண் இடைவெளி என்று
கொலுசு மணி கோர்ப்பது மாதிரி அவன்.
நான் தூவிக்கொண்டே போனேன்.
"இதென்ன கோழிக்கா போடுற?"
பேச்சு நின்று
இரண்டு பாத்தி
இரண்டு விதமாக முடிந்தது.
சாயங்காலம் அவன் இறங்கிப் போகும்போது
தட்டுவடை ஒன்றை என் வாயில் திணித்துவிட்டு
எதற்கோ மன்னிப்பு மாதிரி நின்றான்.

முளைத்தது. அவன் வரிசையில் பதினாலு.
என் பக்கம் எண்ண முடியவில்லை,
அது எனக்குப் பெருமை.
ஒவ்வொன்றும் விதைத்தோலைத்
தலையில் கவிழ்த்த தொப்பியாகத் தூக்கிக்கொண்டு.

புதன் ராத்திரி காட்டெருமை வந்தது.
பிஸ்கட் குரைக்கவே இல்லை,
கட்டிலுக்கடியில் போய் என் செருப்போடு படுத்துக்கொண்டது.
பெருமூச்சு மாதிரி ஒன்று கேட்டது, அவ்வளவுதான்.
காலையில் வேலி சாய்ந்திருந்தது.
டேலியாவை ஒதுக்கிவிட்டு
பீன்ஸை மட்டும், இரண்டு நியாயத்தையும் ஒன்றாக,
மேய்ந்திருந்தது.
ஈரமண்ணில் குளம்புத் தடம்,
பிளந்த நெஞ்சு வடிவில், தெளிவாக.
என் கையை உள்ளே வைத்துப் பார்த்தேன்.
நாலு விரல் ஆழம், கொஞ்சம் மழைத்தண்ணீர்,
அதில் ஒரு காப்பிப்பூ.

அழுகை வரவில்லை. பசி வந்தது.
அடுப்படிப் பலகையில் மறந்துபோன சௌசௌ மூன்று
தாமாகவே வாய் திறந்து கொடி நீட்டியிருந்தன.
தடத்துக்கு ஒன்றாக இறக்கி மூடினேன்.
போனில் அவன், "எத்தனை போச்சு?"
"எண்ணல."
"என் பக்கம்?"
"எரும ஒருத்தர் பக்கமும் பேசல."
அந்தப் பக்கம் ஊதுகுழல் சத்தம் நின்று
சிரிப்பு கேட்டது, வெயிலில் காய்ந்த சிரிப்பு.

கடை திறக்க மணி ஒன்பதே கால்.
முதலில் என் விரலை வைத்துத்தான்
கருவியை எழுப்ப வேண்டும்.
வைத்தேன். சிவப்பு.
நகக்கண்ணில் மண். மறுபடி சிவப்பு.
வரிசையில் மூன்றாவதாக நின்ற சடைச்சி
சத்தமாகச் சொன்னாள்,
"தொடச்சிட்டு வைங்க."

பத்து நாளுக்குள் இன்னொரு மழை வர வேண்டும்.
இல்லாவிட்டால் பூ பிடிக்காது.