இருபத்தெட்டரைக்கு இடப்பக்கம்

அக்னி நட்சத்திரம், பதினோராம் நாள்.
காட்பாடியில் இரண்டு தடவை கரண்ட் போனது.
மூன்றாவது முயற்சியில்
உலை எண்ணூறைத் தொட்டது.

சீரியம் ஆக்சைடு.
உள்ளே வைத்தபோது
நீர்மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள் விழுந்த நிறம்.
ஹைட்ரஜனில் ஆறு மணி நேரம் கிடந்து
வெளியே வந்தபோது கருநீலம்,
மை காய்ந்த பேனா மூடி மாதிரி.

அதன் வீடு எனக்கு மனப்பாடம்.
ஒரு சீரியத்தைச் சுற்றி எட்டு ஆக்சிஜன்,
ஓர் ஆக்சிஜனுக்கு நான்கு சீரியம்,
பக்கத்துக்கு ஐந்து புள்ளி நான்கு ஆங்ஸ்ட்ராம்.
சுவரே கிடையாது.

சூட்டில் சில ஆக்சிஜன்கள் கிளம்பிவிடும்.
இடம் அப்படியே இருக்கும்.

இதற்கெல்லாம் பழகியவர்கள் நாங்கள்.
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
வெளியூர்க்காரர் முன்னால் விரல் மடக்கி
நாங்களே சொல்லிச் சிரிப்போம்.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது
மணலைப் பார்த்து ஒருவரும் திடுக்கிடுவதில்லை.

அதனால் சுலபமாக நினைத்துவிட்டேன்:
ஆள் குறைந்தால் வீடு சுருங்கும்.

ஏகாம்பரம் அண்ணன் எக்ஸ்ரே கருவியின் கதவைச் சாத்தி
"ஓடவிட்டாச்சு, டீ குடிச்சிட்டு வாம்மா" என்றார்.
நான் போகவில்லை.

இருபத்தெட்டரை டிகிரியில் எழ வேண்டிய கோடு
கொஞ்சம் முன்னாலேயே எழுந்தது,
இடப்பக்கம்.
இடப்பக்கம் என்றால் கூடு பெருத்திருக்கிறது.
மறுபடி ஓட்டச் சொன்னேன்.
மறுபடியும் இடப்பக்கம்.

ஆக்சிஜன் வெறுங்கையோடுதான் போகிறது,
இரண்டு எலக்ட்ரானை வைத்துவிட்டு.
பக்கத்துச் சீரியங்கள்
ஆளுக்கொன்றாய் எடுத்து வைத்துக்கொண்டு
பருத்துப்போகின்றன.

போன மாதம் தஸ்லீமா
ராணிப்பேட்டையில்
தோல் கழிவுநீர் சோதிக்கும் வேலைக்குப் போனாள்,
ஆய்வைப் பாதியில் விட்டு.
வைத்துவிட்டுப் போனது
பெயர் தைத்த வெள்ளைக் கோட்டு,
யாராலும் திறக்க முடியாத ஊறுகாய் பாட்டில்.
அவள் மேசையில் இப்போது என் ஃபைல்கள்.
அவள் பங்குக் கணக்கும் என் தலையில்.
இந்தக் கோட்டைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டும்.
சொன்னால்,
"என்னை ஆக்சிஜன் ஆக்கிட்டியா?" என்பாள்.

ஏசி ஓடவில்லை, ஜன்னல் திறந்திருந்தது.
தூளை மூடியிருந்த பிளாஸ்டிக் கூண்டைத் தூக்கினேன்.
தார் ரோட்டு வாசனையோடு
வேலூரின் காற்று உள்ளே வந்தது.
ஓரத்திலிருந்து வெளுத்து
நடுவுக்கு நகர்ந்து
பழைய மஞ்சள்.

ஏகாம்பரம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.
"போச்சா?"

"வந்துடுச்சு" என்றேன்.